பேச்சுப் பயிற்சியில் துணைவர் பணி

செவிப்புலன் குன்றிய குழந்தைகளுக்குக் கல்வியளிக்கும் அறப்பணியில் பாளையங்கோட்டைக்கு நெடிய வரலாறு உண்டு. புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய காது கேளாதோர் பள்ளி அவ்வூரிலேயே உள்ளது. அத்தகைய பணியில், பேச்சுப் பயிற்சி வல்லுநருக்குத் துணைநிற்கும் உதவியாளரின் கடமை யாது என்பதை விளக்க முற்படுகிறேன்.

குறையை ஆய்ந்தறிவதும் பயிற்சித் திட்டம் வகுப்பதும் வல்லுநரின் பொறுப்பு. ஆயினும் திட்டம் தாளில் இருந்தால் மட்டும் நா பழகிவிடாது. நாள்தோறும் பயிற்சி வேண்டும். பாபநாசத்திலோ சேரன்மகாதேவியிலோ வாழும் கூலிவேலைத் தாய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாள்தோறும் நகருக்கு வர இயலுமா? மொழி கற்கும் ஆற்றல் மிகுந்திருப்பதோ முதற்சில ஆண்டுகளில்தான். அவ்வாண்டுகளை இழந்தால் ஈடுசெய்தல் அரிது. இந்த இடைவெளியை நிரப்புபவரே உதவியாளர். வகுத்த பயிற்சியை அவர் நடத்துவார். எத்தனை முறை ஒலி செவ்வையாக வந்தது என்று குறிப்பார். காதுக்கருவி இயங்குகிறதா என்று பார்ப்பார். வீட்டில் செய்யவேண்டியதைத் தாய்க்குக் காட்டுவார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நெல்லைச் சீமையில் பழத்தைப் 'பளம்' என்பார் பலர். அது வட்டார வழக்கு, குறையன்று. ஆறு வயதிலும் 'கால்' என்பதைத் 'தால்' என்று கூறும் குழந்தையின் நிலை வேறு. அதற்கு உதவி தேவை. வெளியூர் வல்லுநருக்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைக்க, தாமிரபரணிக் கரையில் வளர்ந்த உதவியாளரே தக்கவர்.

ஆனால் எல்லையும் உண்டு. பக்கவாதத்தால் பேச்சிழந்தோர் சிலருக்கு விழுங்குவதிலும் இடர் நேரும். உணவு மூச்சுக்குழலில் புகுந்தால் உயிருக்கே கேடு. அவர்களுக்கு எவ்வகை உணவு தரலாம் என்பதை உதவியாளர் தாமே முடிவு செய்தல் ஆகாது. திட்டத்தை மாற்றுவதும் அவ்வாறே.

இப்பணிக்கு அன்பு மட்டும் போதாது. முறையான கல்வியும் வேண்டும். செவித்திறன், மொழி, பேச்சு பற்றிய ஓராண்டுப் பட்டயப் படிப்பு இதற்கென உள்ளது. மைசூரில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் அதனை நடத்தியுள்ளது. பள்ளிப்படிப்பு முடித்த நம் ஊர் இளைஞர்கள் இதனை நாடுவார்களாக.

பெற்றோருக்கு ஒரு சொல். இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லையெனில், 'நாளடைவில் பேசிவிடும்' என்று காத்திராதீர்கள். முதலில் அதன் செவியைச் சோதித்துப் பாருங்கள்.