பொன்மண்டபத்தைப் பார்க்காமல் திரும்பலாம்

ஜப்பான் சுற்றுலாத் திட்டங்களில் கியோட்டோவுக்குப் பெரும்பாலும் இரண்டு நாள்தான் ஒதுக்குகிறார்கள். அந்த இரண்டு நாளுக்குள் என்னென்ன பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: காலையில் பொன்மண்டபம் (கின்ககுஜி கோயில்), மதியம் அராஷியாமா மூங்கில் காடு, மாலையில் கியோமிசு கோயில், மறுநாள் ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்கள், நிஜோ கோட்டை, கியோன் தெரு, முடிந்தால் நாராவின் மான்கள். தாளில் எழுதும்போது எல்லாம் அடங்கிவிடும். ஊரில் போய் இறங்கிய பிறகுதான் பட்டியலில் பாதி பஸ்ஸுக்குள்ளேயே கரைகிறது. இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால், பட்டியலின் உச்சியில் இருக்கிற பொன்மண்டபத்தைத்தான் முதலில் அடித்து நீக்க வேண்டும் என்பது என் கட்சி. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது போலத் தோன்றும். ஆனால் ஊரின் அமைப்பையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

794ஆம் ஆண்டு கன்மு பேரரசர் தலைநகரை இங்கே கொண்டுவந்தபோது, சீனத்து டாங் பேரரசின் சாங்கான் நகரைப் பார்த்து, சதுரங்கப் பலகை போல நேர்நேராகத் தெருக்களை வகுத்தார்கள். கிழக்கு, வடக்கு, மேற்கு என மூன்று புறமும் மலை. ஆரம்பத்தில் தலைநகரின் எல்லைக்குள் இரண்டே பெரிய பௌத்தக் கோயில்களுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். பிறகு எழுந்த கோயில்களும் மாளிகைகளும் பெரும்பாலும் மலையடிவாரங்களைத் தேடிப் போயின. அதனால் இன்றைக்கும் கியோட்டோவில் பார்க்க வேண்டியவை தட்டின் விளிம்பைச் சுற்றி இருக்கின்றன. நடுவில் இருப்பது அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த, பதினான்கு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒரு சாதாரண நகரம். பொன்மண்டபம் இந்த விளிம்பின் வடமேற்கு மூலை. கியோமிசு கோயில் தென்கிழக்கு. நேர்கோட்டில் அளந்தாலே ஏழு கிலோமீட்டர். பொன்மண்டபத்தின் வாசல் வரை போகும் ரயிலும் கிடையாது. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் ஆகும், அதுவும் நெரிசல் இல்லாவிட்டால். அங்கிருந்து கியோமிசுவுக்கு இன்னொரு முறை ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும்.

கோயில் நகரம் என்றதும் நம் மனம் ஒரு கணக்குப் போட்டுவிடும்: காலையில் கொஞ்சம், உச்சிக்கால நடை சாத்தல், பிறகு நான்கு மணிக்கு மேல் இரவு எட்டரை வரை. கியோட்டோவில் இது தலைகீழ். மதியம் மூடுவதில்லை, ஆனால் மாலை நான்கு, ஐந்து மணிக்குள் பெரும்பாலான கோயில்கள் கதவை அடைத்துவிடும். கடைசி நுழைவு அதற்கும் அரைமணி முன்னால். நிஜோ கோட்டையில் நான்கு மணிக்கு மேல் போனால் உள்ளே விட மாட்டார்கள். ஆக, நாளொன்றுக்குக் கையில் இருப்பது எட்டு மணி நேரம். அதில் இரண்டு முறை ஊரைக் குறுக்கே கடந்தால் இரண்டு மணி நேரம் போய்விட்டது. சாப்பாட்டுக்கு ஒரு மணி. மிச்சத்தில் நாலு இடம் என்றால், ஒவ்வொன்றிலும் படம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இந்த ஓட்டம் ஊர்க்காரர்களையும் வாட்டுகிறது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டியோடு ஏறும் பயணிகளால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்களுக்குப் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பயணிகளுக்குப் பல காலம் செல்லப்பிள்ளையாக இருந்த ஒருநாள் பஸ் பாஸின் விற்பனையை நகராட்சி 2023 செப்டம்பரோடு நிறுத்தியது. 2024 மார்ச்சுக்குப் பிறகு அது செல்லாது. இப்போது கிடைப்பது சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து 1,100 யென் பாஸ். தயவுசெய்து தரைக்குக் கீழே போங்கள் என்று ஊரே கும்பிட்டுக் கேட்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் பொன்மண்டபத்தில் பார்ப்பது என்ன? 1397இல் முன்னாள் ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமிட்சு அமைத்த மாளிகைத் தோட்டத்தின் ஒரு பகுதி அது. அவர் காலத்துக்குப் பிறகு ஜென் கோயிலானது. மூன்று நிலைகள், மேல் இரண்டுக்கும் தங்கத் தகடு, முன்னால் குளம், குளத்தில் பிம்பம். அழகு என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உள்ளே போக முடியாது. குளத்தின் இக்கரையில் நின்று பார்த்துவிட்டு, ஒருவழிப் பாதையில் கூட்டத்தோடு நகர்ந்து வெளியே வர வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நிதானமாக நிற்கலாம் என்றாலும் பின்னால் வருகிறவர்கள் விடமாட்டார்கள். அந்த அனுபவத்தின் பெரும்பகுதி ஒரே கோணத்துக் காட்சி, அந்தக் கோணத்தை நாம் ஏற்கெனவே நூறு படங்களில் பார்த்தாகிவிட்டது.

1950இல் இளம் துறவி ஒருவர் வைத்த தீயில் பழைய கட்டடம் எரிந்துபோனது, இப்போது நிற்பது 1955இல் எழுப்பியது என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வாதம் ஜப்பானில் எடுபடாது. மரக் கட்டடங்களின் நாட்டில் எரிவதும் மறுபடி எழுவதும் வழக்கம். 1467 முதல் பத்து ஆண்டு நடந்த ஓனின் போரில் கியோட்டோவின் பெரும்பகுதி சாம்பலானது. கியோமிசுவின் புகழ்பெற்ற மேடைகூட 1633இல் மீண்டும் கட்டியதுதான். வயதை வைத்து அல்ல, செலவாகும் நேரத்தை வைத்துத்தான் பொன்மண்டபத்தைத் தள்ளுகிறேன்.

அந்த நேரத்தைக் கிழக்கு மலையடிவாரத்துக்கு, அதாவது ஹிகாஷியாமாவுக்குக் கொடுத்துப் பாருங்கள். கிழக்குப் பக்கத்துக்கு மேற்கில் இல்லாத ஒரு வசதி உண்டு. காமோ ஆற்றை ஒட்டி கெய்ஹான் ரயில் ஓடுகிறது. ஃபுஷிமி இனாரி, ஷிச்சிஜோ, கியோமிசு-கோஜோ, கியோன்-ஷிஜோ, சான்ஜோ என்று நூலில் கோத்த மணிபோல நிலையங்கள். எந்த நிலையத்தில் இறங்கினாலும் மலையைப் பார்த்து நடந்தால் ஏதாவது ஒரு கோயில் வந்துவிடும். பஸ்ஸை நம்ப வேண்டியதில்லை.

ஷிச்சிஜோவில் இறங்கினால் சில நிமிட நடையில் சன்ஜூசாங்கென்தோ கோயில். வெளியிலிருந்து பார்த்தால் நீண்ட களஞ்சியம் போலத்தான் இருக்கும்; பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து மூலையில் திரும்பியதும், சுமார் 120 மீட்டர் நீளக் கூடத்தில் ஆயிரத்தொரு கன்னோன் உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம் அவலோகிதேசுவரர்தான் அங்கே கன்னோன். நடுவில் பெரியதாக ஒன்று அமர்ந்திருக்க, இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக ஆளுயர மர உருவங்கள். தங்க மெருகு மங்கி, தேன் நிறத்தில் மினுங்குகின்றன. 1249இல் தீப்பிடித்தபோது அவற்றில் 124ஐத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்றவற்றைப் புதிதாகச் செய்தார்கள், 1266இல் கூடமும் எழுந்தது. அந்தக் கன்னோன்களுக்கு முன்னால் காவலாக நிற்கும் இருபத்தெட்டுத் தேவர்களை நெருங்கிப் பாருங்கள். அலகு மூக்கும் சிறகும் கொண்ட ஒருவர் புல்லாங்குழல் ஊதுகிறார்: கருரா, நம் கருடன். பக்கத்து வரிசைகளில் தைஷகுதென் என்ற இந்திரன், போன்தென் என்ற பிரம்மா, நாராயணனின் பெயரையே தாங்கிய நராயென். விலா எலும்பு தெரிய, தடியூன்றி நிற்கும் கிழவர் வசு முனிவர். சமஸ்கிருதப் பெயர்கள் சீனம் வழியாக நடந்துவந்து, ஜப்பானியச் சிற்பியின் உளிக்குள் புகுந்து, எழுநூறு ஆண்டுக்கு மேலாக இங்கே நிற்கின்றன. நம் வாசகர் ஒருவருக்கு கியோட்டோவிலேயே அதிகம் பேசக்கூடிய இடம் இதுதான் என்பேன். உள்ளே படம் எடுக்கத் தடை, அதுவும் நல்லதுக்கே.

பொன்மண்டபத்துக்கு ஒரு மறுமொழியும் கிழக்கில்தான் இருக்கிறது. யோஷிமிட்சுவின் பேரன் யோஷிமாசா 1482இல் கட்டத் தொடங்கிய மாளிகை, பின்னாளில் வெள்ளிமண்டபம் என்று பெயர் பெற்றது. (ஜப்பானியப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே கின்ககுஜி ஆகிவிடும். தங்கத்துக்குக் ‘கண்’ணில் வரும் க, வெள்ளிக்குக் ‘கங்கை’யில் வரும் க. வழி கேட்கும்போது நினைவிருக்கட்டும்.) அதில் வெள்ளி பூசப்படவே இல்லை. மங்கிய மரம், பாசி, வாரி வைத்த வெண்மணல் கூம்பு, அவ்வளவுதான். தாத்தா தங்கத்தில் காட்டிய பெருமையைப் பேரன் எதிர்த்திசையில் தேடினார். அவர் ஆட்சியில்தான் ஓனின் போர் ஊரைத் தின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீக்குத் தப்பிய அந்த மண்டபம் பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடமே. அங்கிருந்து ஓடைக்கரையோரம் இரண்டு கிலோமீட்டர் தெற்கே நடந்தால் நான்ஜென்ஜி கோயில். அந்த ஓடையோரத்துக்குத் ‘தத்துவஞானி நடைபாதை’ என்று பெயர். நான்ஜென்ஜி வளாகத்துக்குள் செங்கல் வளைவுகள் மேல் ஒரு நீர்ப்பாலம் போகிறது. 1868க்குப் பின் பேரரசரும் தலைநகரும் டோக்கியோவுக்குப் போய்விட, களையிழந்த ஊரைத் தூக்கி நிறுத்த பீவா ஏரியிலிருந்து வெட்டி 1890இல் முடித்த கால்வாய் அது. மறு ஆண்டே அந்த நீரில் மின்சாரம் எடுத்தார்கள்; 1895இல் டிராம் ஓடியது. பழைமை என்றால் அசையாமல் கிடப்பது என்ற எண்ணத்தை அந்தப் பாலம் உடைத்துவிடும். தண்ணீர் இன்றும் மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

கிழக்கிலும் கூட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, கடுமையாகவே உண்டு. கியோமிசுவுக்கு ஏறும் சரிவுத் தெருக்களில் பகல் பதினொரு மணிக்குத் திருவிழாக் கூட்டம். கியோனில் கெய்ஷா கலைஞர்களை விரட்டி விரட்டிப் படமெடுத்த பயணிகளின் தொல்லை தாங்காமல், 2024இல் தனியார் சந்துகளில் நுழையத் தடைபோட்டு, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு நேரம் உண்டு. கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கிறது; ஆணியின்றி மரக்கால்களில் பதின்மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த மேடை அப்போது ஏறத்தாழ உங்களுக்கே. பெரிய முடிவொன்றைத் துணிந்து எடுப்பதை ‘கியோமிசு மேடையிலிருந்து குதிப்பது’ என்கிறார்கள் ஜப்பானியர். நம் விஷயத்தில் விடியற்காலையில் எழுவதே அந்தக் குதி. ஃபுஷிமி இனாரிக்குக் கதவே இல்லை, கட்டணமும் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் ஏறலாம். பகலில் முண்டியடிப்பவர்களில் பெரும்பாலோர் அடிவாரத்து வாயில் வரிசையோடு திரும்பிவிடுகிறார்கள். 233 மீட்டர் மலையில் பாதி ஏறினாலே கூட்டம் மெலியும். ஏறும்போது தெரியாத ஒன்று இறங்கும்போது தெரியும்: ஒவ்வொரு வாயிலின் பின்புறத்திலும் அதைக் காணிக்கையாகத் தந்த வணிகரின் பெயரும் தேதியும் கறுப்பில் பொறித்திருக்கும். விடிகாலை உத்தி பொன்மண்டபத்துக்குச் செல்லாது. அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். திறக்கும்போதே வரிசை நிற்கும்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு எப்படி நடப்பது என்பது நியாயமான கேள்வி. கிழக்கில் ஏற்றமும் படிகளும் அதிகம், மறைப்பதற்கில்லை. மேலே உள்ள கோயிலுக்கு டாக்சியில் போய், நடையை இறக்கமாக வைத்துக்கொள்வது வழி. பஸ் கட்டணம் ஆளுக்கு 230 யென். நான்கு பேர் சேர்ந்தால் குறுந்தூர டாக்சி அதைவிட வெகுவாகக் கூடிவிடாது. இதே காரணத்தால் விடுதியையும் ரயில் நிலையத்தருகே எடுக்காமல் சான்ஜோ, கியோன்-ஷிஜோ பக்கம் எடுப்பது நல்லது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மட்டும் போய்வருகிறவர்கள் ஜப்பான் ரயில் பாஸ் வாங்க வேண்டாம்: ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது; புல்லட் ரயிலில் ஒருவழிக்குச் சுமார் 14,000தான். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப் என்று வருவதிலும் காய்ந்த மீனில் எடுத்த ‘தாஷி’ சாறு இருக்கும். நான்ஜென்ஜி வாசலில் கிடைக்கும் வெந்நீர்த் தோஃபுவின் தொடுகறியிலும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். கடற்பாசியிலும் காளானிலும் சாறெடுக்கும் கோயில் சமையலுக்கு ‘ஷோஜின் ர்யோரி’ என்று பெயர். அந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு ஆட்சேபம்தான் உண்மையில் கனமானது. ‘லட்சக்கணக்கில் செலவழித்து ஒரே ஒரு தடவை போகிறோம், பொன்மண்டபம் பார்க்கவில்லையா என்று ஊரில் கேட்டால்?’ கேட்பார்கள்தான். அப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் போகிறோம் என்றால் பட்டியலை மாற்ற வேண்டாம். ஆனால் அந்த வாதத்துக்கு எல்லையே இல்லை. அராஷியாமா பார்க்கவில்லையா, நாரா பார்க்கவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். கியோட்டோவும் சுற்றுப்புறமுமாக 1994இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடங்கள் மட்டுமே பதினேழு. இரண்டு நாளில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்பதை முன்கூட்டியே நாம் முடிவு செய்யாவிட்டால், இரண்டாம் நாள் மாலை நாலரை மணிக்கு ஏதோ ஒரு பஸ் முடிவு செய்துவிடும்.

மூன்றாவது நாள் கிடைத்துவிட்டால் கணக்கே வேறு. அன்றைக்கு வடமேற்குக்கு மட்டும் என்று போங்கள். ‘ரான்தென்’ என்ற ஒற்றைப் பெட்டி டிராமில் ர்யோஆன்ஜி கோயிலுக்கான நிலையத்தில் இறங்கி, எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் பதினைந்தில் ஒரு கல்லாவது மறைந்துகொள்ளும் அந்தக் கல்தோட்டத்தின் முன் அரைமணி இருந்துவிட்டு, இருபது நிமிடம் நடந்தால் பொன்மண்டபம். அங்கே 500 யென்னுக்கு நுழைவுச் சீட்டாகத் தருவதே, குடும்பம் நலமாக இருக்க வேண்டும் என்று தூரிகை எழுத்தில் அச்சிட்ட ஒரு ரட்சைத் தாள். ஜப்பானியர்கள் அதைக் கிழித்துப் போடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்கள்.