நிலைமொழியும் வருமொழியும்
அரசாங்கப் பாடசாலை மாணாக்கரும் பேராதனை விடுதிகளும்

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளிவந்து, பல்கலைக்கழக அனுமதிக் கடிதங்கள் இல்லந்தோறும் வந்தடையும் நாள்களிலே, மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் ஆசிரியரிடம் கொணரும் வினா ஒன்றுண்டு. “சேர், பிள்ளைக்குப் பேராதனை கிடைச்சிருக்கு. ஆனால் அந்த இடம் எங்கட பிள்ளைக்கு ஒத்துவருமோ?” என்று அண்மையில் பஞ்சிகாவத்தைக் கடையொன்றிலே பணிபுரியும் தந்தையார் ஒருவர் என்னை வினவினார். மகளின் புள்ளிகளைப் பற்றி அவருக்கு ஐயமில்லை. பரீட்சை அவளது தகுதியை நாட்டியிருந்தது. அவர் அஞ்சியது வேறொன்று: ஆங்கிலம் அறிந்தோர் நடுவே அவள் வாய்திறப்பாளா, விடுதியிலே தனித்துப் போவாளா, பகிடிவதைக்கு ஆளாவாளா என்பதே.

இவ்வினா அவர் ஒருவருடையதன்று; இந்நாட்டுக்கே உரியதுமன்று. இங்கிலாந்திலே ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் பல கல்லூரிகளின் தொகுதிகளாக அமைந்தவை. கேம்பிரிட்ஜில் மட்டும் 31 கல்லூரிகள் உள்ளன. மாணாக்கர் அக்கல்லூரிகளிலே உறைந்து, உண்டு, ஆசிரியரோடு அணித்தாயிருந்து பயில்கின்றனர். அந்நாட்டிற் கட்டணப் பாடசாலைகளிற் பயில்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவரே. ஆயினும் அவ்விரு பல்கலைக்கழகங்களிலும் சேரும் உள்நாட்டு மாணாக்கருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அவ்வகைப் பாடசாலைகளிலிருந்தே வருகின்றனர். ஆகவே அரசாங்கப் பாடசாலைப் பிள்ளை அங்கு பொருந்துமா என்ற ஐயம் அந்நாட்டுப் பெற்றோர்க்கும் உண்டு.

இலங்கையில் இவ்வினாவின் உருவம் சற்று வேறுபட்டது. றோயல் கல்லூரியும் அரசாங்கப் பாடசாலை. மலையகத் தோட்டமொன்றில் இரண்டு கட்டடங்களோடு நிற்கும் தமிழ் வித்தியாலயமும் அரசாங்கப் பாடசாலை. ‘அரசாங்கப் பாடசாலை’ என்னும் ஒரு பெயருள் எத்துணை வேற்றுமைகள்! சேர் பொன்னம்பலம் அருணாசலம், பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிலே பயின்று, புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தவர். எட்வர்ட் கார்ப்பென்ரர் என்னும் ஆங்கில எழுத்தாளர் அங்கே அவருக்கு வாழ்நாள் நண்பரானார். அருணாசலமும் ஒருவகையில் அரசாங்கப் பாடசாலை மாணாக்கரே. ஆனால் அவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மருகர். ஆங்கிலம் புழங்கிய இல்லத்திற் பிறந்தவர். எனவே நாம் ஆராய வேண்டியது பாடசாலையின் பெயர்ப்பலகையை அன்று. வீட்டு மொழி, வீட்டுப் பொருள்நிலை, பாடசாலை தந்த துணிவு ஆகிய மூன்றுமே பொருத்தப்பாட்டைத் தீர்மானிக்கின்றன.

அந்தானை அடிவாரத்து விடுதிகள்

1906ஆம் ஆண்டிலே இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என இயக்கம் தொடங்கியவர்களுள் அருணாசலம் முதன்மையானவர். 1921இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் 904 மாணாக்கரோடு உருவாயிற்று. அதற்கு முன்னரே, பல்கலைக்கழகம் எவ்விடத்து அமைதல் வேண்டும் என்பது பற்றி நெடிய விவாதம் ஒன்று நடந்தேறியது. கொழும்பா, கண்டிப்புறமா என்று அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். அவ்வாதத்தின் உட்பொருள் இடம் மாத்திரமன்று. மாணாக்கன் வீட்டிலிருந்து நாடோறும் வந்து பாடங் கேட்டுத் திரும்புவதா, அன்றி ஆசிரியரோடும் சக மாணாக்கரோடும் ஓரிடத்து உறைந்து கற்பதா என்பதே அது.

உறைந்து கற்றலே வென்றது. மகாவலி கங்கை ஒருபுறமும் அந்தானை மலை மறுபுறமும் சூழ்ந்த பேராதனை நிலத்துக்கு அபர்குறொம்பி, ஹொலிடே ஆகிய ஆங்கில வல்லுநர் திட்டம் வரைந்தனர். ஷேர்லி த அல்விஸ் என்னும் சிற்பி கட்டடங்களுக்கு உருக்கொடுத்தார். முதல் துணைவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனைப் பெரிதும் உழைத்து நிறைவேற்றினார். 1952இல் கலைத்துறை மாணாக்கர் அங்கே குடிபுகுந்தனர். 1954 ஏப்ரலில் முறைப்படித் திறப்புவிழா நிகழ்ந்தது. அருணாசலம், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ், சங்கமித்தா, இராமநாதன் என விடுதிகள் பெயர்பெற்றன.

இங்கே ஒன்றை நினைவுகொள்ளல் வேண்டும். ஜெனிங்ஸ் செல்வக் குடியிற் பிறந்தவரல்லர். பிரிஸ்டல் நகரத்து எளிய குடும்பத்தவர். புலமைப்பரிசில்களின் துணையாலேயே கேம்பிரிட்ஜ் சென்றார். அங்ஙனம் சென்றவரே பிற்காலத்தில் அக்கேம்பிரிட்ஜின் துணைவேந்தராகவும் விளங்கினார். விடுதி வாழ்க்கை எளியவனை உயர்த்தும் என்பது அவர் தம் வாழ்விற் கண்ட உண்மை. அதனையே பேராதனையிற் கல்லாகவும் ஓடாகவும் நிறுத்தினார் எனலாம். எனினும் கேம்பிரிட்ஜின் உறைவிடத்தை அவர் கொணர்ந்தாரேயன்றி, கல்லூரி தானே மாணாக்கனைத் தெரிந்து தானே இருவர் மூவராய் இருத்திக் கற்பிக்கும் முறையைக் கொணரவில்லை. பேராதனை விடுதிகள் உறைவிடங்களே. கற்பித்தல் பீடங்களுக்கு உரியதாயிற்று. அதனால் ஒரு குறை நேர்ந்தது. தளர்ந்த மாணாக்கனைத் தனியே கண்டு கைதூக்கி விடும் ஆசிரியர் விடுதியமைப்பினுள் இல்லாது போயினர்.

1960உம் அதன் பின்னும்

சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்திலே, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஊர்ப்புறங்களிலே மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பிலே புலமைப்பரிசில் வென்ற ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் பயின்றனர். தாய்மொழியிற் பயின்ற அத்தலைமுறை பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்த ஆண்டு 1960. அவ்வாண்டு முதல் கலைத்துறையிலே சிங்களத்திலும் தமிழிலும் பாடங்கள் நிகழ்ந்தன.

அப்பொழுது வெளிப்பட்டது பொருத்தமின்மை. ஒருவருக்கு ஓரறை என வகுத்த விடுதிகளிலே இருவர், மூவர் எனத் தங்கவேண்டியதாயிற்று. மேசை ஒழுங்கும் முள்ளுக்கரண்டியும் சிலருக்கு இயல்பாயிருந்தன, பலருக்குப் பரீட்சையாயிருந்தன. யாவற்றினும் கொடிதாயிருந்தது மொழி. சிங்கள மாணாக்கர் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ எனப் பெயரிட்டனர். கடுவ என்பது வாள். அறிந்தவன் கையில் அது ஓங்கி நிற்கும். அறியாதவனை அது வெட்டி வீழ்த்தும். ஒரு மொழிக்கு ஆயுதத்தின் பெயரைச் சூட்டிய பிள்ளைகள் எத்துணைக் காயம் பட்டிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வச்சொல் இன்றளவும் வழக்கொழிந்திலது.

என்னிடம் தமிழ் கற்றுப் பேராதனை சென்ற மாணாக்கன் ஒருவன் தன் முதலாண்டு அனுபவத்தைக் கூறினான். விரிவுரையிற் செவிப்பட்ட ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்திலே குறித்துக்கொண்டு, இரவிலே அகராதியைப் புரட்டுவானாம். நம் பகரம் ஆங்கிலத்தின் ஈரெழுத்துக்களுக்கு நிற்பதாதலின், ஒவ்வொரு சொல்லையும் ஈரிடத்துத் தேடவேண்டியிருந்ததாம். அவன் அறிவிலே குறையில்லை. அவன் நேரத்தின் பாதி வாளைத் தடுப்பதிலே கழிந்தது.

வந்தாறுமூலை தந்த விடை

எனினும் அதே ஆண்டுகள் வேறொரு காட்சியையும் நமக்குக் காட்டுகின்றன. மட்டக்களப்பின் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்திலிருந்து, 1960களின் தொடக்கத்திலே பேராதனைக்கு வந்தார் சி. மௌனகுரு. அவர் உடன் கொணர்ந்த செல்வம் கிழக்கிலங்கையின் கூத்து. விரிவுரையாளராகிய சு. வித்தியானந்தன் அவ்வேளையிலே ஊர்க்கூத்தை நவீன மேடைக்கு ஏற்பச் செம்மைப்படுத்தும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். எதிரிவீர சரச்சந்திர 1956இல் ‘மனமே’யையும் 1961இல் ‘சிங்கபாகு’வையும் மேடையேற்றிச் சிங்கள நாடகத்துக்குப் புத்துயிர் அளித்தமை அவருக்கு உந்துதலாயிற்று. 1962இல் ‘கர்ணன் போர்’ அரங்கேறியது. தொடர்ந்து ‘இராவணேச’னிலே இராவணனாக ஆடினார் மௌனகுரு. களரியிலே ஊரார் விடியும்வரை கண்ட ஆட்டமும் மத்தளமும் பல்கலைக்கழக அரங்கிலே பெருமதிப்புப் பெற்றன. ஊர்ப்பிள்ளை தன் ஊரை மறைத்து உள்நுழையவில்லை. தன் ஊரோடு உள்நுழைந்தார். பல்கலைக்கழகமே ஒருபடி மாறிற்று.

இதன் எஞ்சிய கதையும் இனிது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அவ்வந்தாறுமூலை வித்தியாலய வளவிலேயே தொடங்கப்பெற்று, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே மௌனகுரு பேராசிரியராய்ப் பணியாற்றினார். அரசாங்கப் பாடசாலைப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துமா என்று வினவியோர்க்கு, அப்பாடசாலையின் நிலமே பல்கலைக்கழகமாகி விடையிறுத்தது.

மருதானைக்கும் இதிலே பங்குண்டு. ஏ. எம். ஏ. அஸீஸ் அதிபராயிருந்த காலத்திலே, கரவெட்டியிலிருந்து வந்து ஸாஹிராக் கல்லூரியிற் பயின்ற கார்த்திகேசு சிவத்தம்பி இங்கிருந்தே பேராதனை சென்றார். பின்பு பேர்மிங்ஹாம் சென்று கலாநிதியானார். பண்டிதர் மரபிலே வந்தோருக்கும் தாழ்வில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1943இல் அமர்ந்த விபுலானந்த அடிகள், காரைதீவிற் பிறந்து, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானவர்.

இலக்கணங் கூறுவது

பொருந்துதலைப் பற்றி நம் இலக்கணத்தைக் காட்டிலும் நுட்பமாகக் கூறுவது பிறிதில்லை. நன்னூல் கற்பிக்குங்கால், நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்து நேரும் மாற்றங்களை ஆண்டுதோறும் எழுதிக் காட்டுகின்றேன். வாழை என்பதனோடு பழம் சேரின் இடையே ஓரெழுத்துத் தோன்றும். பொன்னோடு குடம் சேரின் பொற்குடமாய்த் திரியும். மரத்தோடு வேர் சேரின் மரவேராகி ஓரெழுத்துக் கெடும். இவ்விரண்டிடத்தும் மாறியது எது? முன்னரே நின்ற நிலைமொழியின் ஈறன்றோ! குடமும் வேரும் தம் உருக் குலையாமலே வந்து சேர்ந்தன. வருமொழி மாறும் இடங்களும் உண்டு. இரண்டும் மாறும் இடங்களும் உண்டு. வருவது மட்டுமே மாறல் வேண்டும் என்ற விதி நம் இலக்கணத்தில் இல்லை.

பல்கலைக்கழகம் நிலைமொழி, மாணாக்கர் வருமொழி. நிலைமொழி தன் ஈற்றை மாற்ற மறுக்குமிடத்தே பிழை நேரும். அத்தகைய பிழைகளுட் பெரியது பகிடிவதை. புதியோரைச் சமன்செய்து ஒன்றாக்குவது என்ற பெயரால் நிகழும் இக்கொடுமை, ஆங்கிலம் அறிந்தவரையும் அறியாதவரையும் ஒருங்கே வதைத்துள்ளது. 1997இற் பேராதனையிலே தமிழ் மாணாக்கர் ஒருவர் இதனால் உயிரிழந்தார். 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் இருந்தும் கொடுமை முற்றாக ஒழியவில்லை. வதையினாற் பிறக்கும் ஒற்றுமை அச்சத்தின் ஒற்றுமையேயன்றிப் பிறிதன்று. பெற்றோர் இவ்வொன்றை அஞ்சுவது முற்றிலும் நியாயமே. ஆதலின் முறைப்பாடு செய்யும் வழிகளைப் பிள்ளையும் பெற்றோரும் புறப்படுமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இன்று கலைப்பீடத்திலே தமிழ்மொழி மூலமும் பயிலலாம். மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலே நிகழ்கின்றன. 1981இல் நிறுவப்பெற்ற மகாபொல நிதியம் ஏழை மாணாக்கர்க்கு உதவிப்பணம் வழங்குகின்றது. அது போதியதன்று, எனினும் பயணத்துக்கும் நூலுக்கும் ஒரு கைத்துணை. வாயில் திறந்தேயுள்ளது.

ஆசிரியர் கடன்

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கன சில உள. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒருநாள் பிள்ளை எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசவும், பிறர் வினாவுக்கு விடை கூறவும் பழக்குதல் வேண்டும். ஆங்கில அகராதியைப் புரட்டும் முறையையும் கலைச்சொற்களின் இருமொழி வடிவங்களையும் பாடசாலையிலேயே கற்பித்தல் வேண்டும். பேராதனையிற் பயிலும் பழைய மாணாக்கரை விடுமுறையில் அழைத்துப் புதியோரோடு உரையாடச் செய்தல் வேண்டும். தெரியாததைத் தெரியாது எனச் சொல்லி வினவுதல் இழிவன்று என்பதை, நாமே வகுப்பறையிற் செய்து காட்டுதல் வேண்டும்.

மணி என்பதும் அழகு என்பதும் இரண்டும் உயிராய் நின்று இணைய இயலாதவிடத்து, இடையே யகரம் வந்து இரண்டையும் உடம்படுத்தி ‘மணியழகு’ ஆக்குகின்றது. அதனை உடம்படுமெய் என்பர். தனக்கெனப் பொருளின்றி, இரண்டையும் சேர்த்துவிடுதலே அதன் தொழில். நல்லாசிரியன் நிலை அதுவே.

பஞ்சிகாவத்தைத் தந்தையாருக்கு நான் கூறிய விடை சுருக்கமானது. “பிள்ளையை அனுப்புங்கோ. முதலாந் தவணை கடினமாயிருக்கும். கிழமைக்கொருமுறை ஒரு சனிக்கிழமையெண்டாலும் தவறாமல் அவவோட பேசுங்கோ. தன்னுடைய தமிழையும் தன்னுடைய ஊரையும் மறைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றேன். மருதானை நிலையத்திற் புகைவண்டியேறுவார், பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள சரசவி உயன நிலையத்தில் இறங்கலாம். அத்தொலைவு நூறு கிலோமீற்றருக்குச் சற்றே மேல். அதைக் காட்டிலும் நெடிய தொலைவுகளைக் கடந்த பிள்ளைகளை இந்நாடு கண்டிருக்கின்றது.