மலையை யாரோடு பங்கிடுவது?

தனியாக ஒரு கூரை – 7

1950களில் கண்டி நகருக்குச் சற்று வெளியே, வட்டபுளுவவில், அரசாங்க ஊழியர்களுக்கென ஒரு வீடமைப்புத் திட்டம் உருவானது. வரைந்தவர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். வரைபடத்தில் கோடு விழும் முன்பே, குடிவரப்போகிறவர்களிடம் அவர்களுடைய வாழ்க்கை முறையையும் தேவைகளையும் கேட்டறிந்தார். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் அந்தப் பதில்களிலிருந்து எழுந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் கொழும்பு கிரகரி வீதியில் சேனநாயக்க தொடர்மாடியையும் அவரே வடிவமைத்தார்.

கண்டியில் தனியாக வாங்குவதானால் சின்ன வீடா, தொடர்மாடியா என்று கேட்டு இந்தத் தொடரின் வாசகர்கள் பலர் எழுதுகிறீர்கள். இரண்டையும் கட்டிய அந்த அம்மையாரைப் போலவே நானும் முதலில் உங்களையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு சம்பளம். காலை ஏழுக்குப் பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் திறப்பீர்கள். இடையில் மழை கொட்டினால், குழாய் வெடித்தால், பக்கத்துக் காணிக்காரர் எல்லைக்கல்லைத் தள்ளிப் போட்டால் யார் பார்ப்பது? இதற்கு வரும் பதிலை ஒட்டித்தான் மற்றக் கணக்கு எல்லாம்.

முதலில் வீடு. கண்டியில் காணி விலை பேர்ச் கணக்கில் பேசப்படும். அந்தப் பேர்ச்சில் எத்தனை சமதரை, எத்தனை சரிவு என்பதை விளம்பரம் சொல்லாது. மலையை வெட்டித் தளம் எடுத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு நிற்கும். முன்னால் கீழ்க்காணியைப் பார்த்தபடி ஒரு மதில் நிற்கும். வீட்டோடு சேர்த்து அந்த மேட்டையும் மதிலையும் வாங்குகிறீர்கள். மேல்வீட்டுக்காரரின் வடிகான் உங்கள் கூரைப் பக்கம் திரும்பியிருந்தால் அந்தத் தண்ணீரும் உங்களுக்குத்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. புதிதாகக் கட்டுவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை வேண்டும். கட்டி முடித்த பழைய வீட்டை வாங்கும்போது அந்த அறிக்கையை விற்பவர் தானாக எடுத்து நீட்டமாட்டார், கேட்டு வாங்குங்கள். ஒருமுறை அடைமழையில் போய்ப் பாருங்கள். சாய்ந்த மரம், தரையில் நீண்ட வெடிப்பு, சட்டத்தில் இறுகிய கதவு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவை மலை நகர்வதற்கான அடையாளங்கள்.

சமதரையாகப் பார்த்து வாங்கினால் கவலையில்லை என்று நினைக்கவும் வேண்டாம். அக்குறணைக் கடைக்காரர்களைக் கேட்டால் பிங்கா ஓயா பெருகி வீதிக்கு வந்த கதைகளைச் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் பிறகு குரங்கு. ஓட்டுக்கூரையில் ஒரு கூட்டம் ஓடிப் போனால் அன்றிரவே மழை உள்ளே வரும். இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டில் இது ஒரு வேலை. தனியாள் வீட்டில் இதற்காக ஒரு நாள் லீவு போட வேண்டும்.

மினெட் டி சில்வாவின் குடும்ப வீடான செயின்ட் ஜோர்ஜஸ் கண்டி வாவிக்கு மேலேயுள்ள சரிவில் இருந்தது. அவருடைய வேலைக்கூடமும் அதுவே. 1998இல் அவர் மறைந்த பிறகு அது இடிந்து காடேறியது. நாட்டின் மிகச் சிறந்த கட்டடக் கலைஞர் ஒருவரின் வீடென்றாலும் ஓடு மாற்றவும் கான் வெட்டவும் ஆள் வேண்டும்.

இனி தொடர்மாடி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம் மாடி ஒன்றைத் தனி ஆதனமாக வாங்க வழிசெய்கிறது. கூரை, படிக்கட்டு, மதில், மண்மேடு எல்லாம் பொதுச் சொத்து. பழுது வந்தால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பார்க்கும். செலவு பங்குவிகிதப்படி பிரியும். மலையை இருபது பேரோடு பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் தனியாளுக்கு இதிலுள்ள பெரிய ஆறுதல்.

பங்காளிகள் ஒழுங்காக இருந்தால் மட்டும். தொடர்மாடி வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். பதிவாகாத கட்டடத்தில் உங்கள் மாடிக்கென்று தனி உறுதி கிடைக்காது, கையில் ஒரு உடன்படிக்கைத் தாள்தான் இருக்கும். பிறகு கூட்டுத்தாபனத்தின் கடைசிக் கணக்கறிக்கையைக் கேளுங்கள். மாதக் கட்டணம் கட்டாதவர்கள் எத்தனை பேர், பெரிய பழுதுக்கென ஒதுக்கிய பணம் எவ்வளவு? காட்டத் தயங்கினால் அடுத்த கட்டடத்துக்குப் போகலாம். உயரத்தையும் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. டீசலுக்கும் வரிசை. லிப்டும் நீர்ப்பம்பியும் நின்றால் ஏழாம் மாடி எவ்வளவு உயரம் என்பது அப்போது தெரிந்தது. மூன்று மாடிக்கு மேல் போகாத கட்டடம் தனியாளுக்கு நல்லது. முழங்கால் வலிக்கும் வயதையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

பணக்கணக்கு இரண்டுக்கும் பொது. ஆதனம் கைமாறும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். ஒன்றரைக் கோடி ரூபாய் ஆதனத்துக்கு 5 இலட்சத்து 99 ஆயிரம். இதை வங்கிக் கடனில் சேர்த்து எண்ணாதீர்கள், கையிலிருந்து போகும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணைகள் பின்னாலேயே ஏறின. இரண்டு சம்பளம் உள்ள வீடு அதைத் தட்டுத்தடுமாறித் தாங்கும். ஒற்றைச் சம்பளக்காரர், நிலையான வட்டி எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டுவிட்டே கையெழுத்திட வேண்டும்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். மலையை வெட்டி எடுத்த தளத்தில் ஒற்றையாக நிற்கும் வீட்டை, காட்சி எவ்வளவு அழகானாலும், தனியாக வாங்காதீர்கள். முதல் தெரிவு, குண்டசாலைப் பக்கம் போல ஓரளவு சமமான தரையில், பொது வடிகானும் பொது வீதியும் அக்கம்பக்கமும் உள்ள வீட்டுத்திட்டத்தில் ஒரு சின்ன வீடு. அது கையைக் கடித்தால், கணக்கைத் தயங்காமல் காட்டும் கூட்டுத்தாபனம் உள்ள தாழ்ந்த தொடர்மாடி. வட்டபுளுவ போன்ற இடங்களின் நன்மை இதுதான்: கதவுக்குள்ளே நீங்கள் தனி, கதவுக்கு வெளியே உள்ள மலைக்கு அயலவர்களும் பொறுப்பு.

எதைத் தேர்ந்தாலும் கடைசியில் நொத்தாரிசிடம் போயாக வேண்டும். கண்டிச் சிங்களக் குடும்பத்தின் பரம்பரைக் காணியானால், விற்பவரின் அக்கா தந்தை உயிரோடிருக்கும்போதே தீக முறையில் மணம் முடித்துப் போனாரா, பின்ன முறையில் வீட்டிலேயே தங்கினாரா என்பதுகூட உங்கள் உறுதியின் பலத்தை மாற்றும். கண்டியச் சட்டம் பற்றிய 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதை எப்படி வகுத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)