கூடாரத்துக்குள் தணல் வேண்டாம்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நமக்கு 20 டிகிரி வெப்பநிலையே கடுங்குளிர். அத்தகைய நாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர்களுடன் வேன் அமர்த்திக்கொண்டு, விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக 500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து கொடைக்கானலை அடைகிறோம். ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள அம்மலையில், வானம் தெளிந்த ஜனவரி இரவுகளில் புல்வெளிமீது உறைபனி படர்வதுண்டு.

கூடாரத்தில் உறங்கச் செல்கையில், கரியடுப்பையும் உள்ளே எடுத்துச் செல்ல மனம் தூண்டும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. புகை அடங்கிய தணலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அது பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலே உயிர் துறக்க நேரிடும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றினால் உடனே அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டு சென்று, மருத்துவ உதவியை நாடவேண்டும். கதவடைத்த விடுதி அறைக்கும் இது பொருந்தும்.

குளிரை வெல்ல வேறு வழிகள் உண்டு. தரையின் குளிர் உடலில் ஏறாதபடி தடித்த விரிப்பு, கம்பளி, உலர்ந்த காலுறை, உறங்குமுன் சூடான கஞ்சி ஆகியவை போதும்.

உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. பயணத்துக்குமுன் அதனை விசாரித்துக்கொள்கிறோம். அவ்வாறே, பெற்றோர்களே, வேன் புறப்படுமுன் பிள்ளைகளிடம் இதையும் சொல்லி அனுப்புவோம்: நாம் உள்ளே, தணல் வெளியே.