தீக்குழியின் கரையில் எழும் விவாதம்

நெய்தற்கரைச் சமயங்கள் – 9

சென்ற வாரம் கற்பிட்டிக் கரையிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில், நேர்த்திக்கடன் செலுத்த வந்த யாத்திரிகர் கூட்டத்தின் நடுவே நின்றோம். இந்த வாரம் தெற்கே இறங்கி, சிலாபத்துக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நடுவே நீண்டு கிடக்கும் உடப்பு என்னும் ஊரை அடைகிறோம். கரைவலை இழுத்துச் சீவனம் நடத்தி, வலையின் பாரம் தெரியாதிருக்க அம்பாப் பாட்டுப் பாடும் இம்மக்கள், தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவரென்று பரம்பரையாகச் சொல்லி வருபவர்கள். அவர்களுடைய குலதனம் திரௌபதை அம்மன் கோயில். ஆடி மாதத்தில் பாரதக் கதையைத் தழுவி நடக்கும் அதன் திருவிழா தீமிதிப்பில் நிறைவெய்துகிறது.

விறகு எரிந்து அடங்கித் தணலாகிய பின், நீண்ட கழிகளால் அதைப் பரப்பிச் சமனாக்குவார்கள். அனல் தாங்காமல் கரையில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவ்வேளையில், மஞ்சள் ஆடையும் கையில் வேப்பிலையுமாக, பல நாள் விரதத்தில் உடல் மெலிந்த பக்தர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, நிமிர்ந்த தலை தாழாமல் விரைந்து நடந்து அக்கரை ஏறுகிறார்கள். தாய் தன் பிள்ளையின் பிணி தீர்ந்ததற்காக இறங்குவாள்; கடலில் தப்பி வந்தவன் அந்த நன்றிக்காக இறங்குவான்.

இத்தகைய விழா நடக்கும் ஊர்களிலெல்லாம் ஒரு வழக்கும் கூடவே நடக்கிறது. நாலெழுத்துப் படித்த இளைஞன் ஒருவன் வாடியில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, இதில் தெய்வம் எங்கே இருக்கிறது? இது கரியின் குணம், சாட்சி இருந்தால் காட்டுங்கள்" என்பான். "தம்பி, அவ்வளவு தெரிந்த நீ விரதமில்லாமல் இறங்கிப் பாரேன்" என்பார் பெரியவர். அவ்வளவில், விழா ஏற்பாட்டைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டம் ஏற்பாட்டை மறந்துவிடும், குரல் உயரும், மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். விசுவாசத்துக்கும் ஆதாரத்துக்கும் இடையே மூளும் இவ்விவாதத்தை எவ்வாறு நடத்துவது என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

இலங்கையில் இக்கேள்வியை ஆயுள் முழுவதும் கேட்டவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் மார்த்தோமா சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கல்கத்தாவில் கல்வி கற்று, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்த அவர், பிற்காலத்தில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக விளங்கினார். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் அளிப்பதாக 1963இல் அவர் பகிரங்கமாக அறிவித்தார். அவர் அனுமதித்த சோதனைகளுள் ஒன்று, எரிதணலின்மேல் அரை நிமிஷம் அசையாமல் நின்று கொப்புளமின்றி மீளுதல். 1978இல் அவர் காலமாகும் வரை அப்பரிசை ஒருவரும் பெறவில்லை. நடக்கச் சொல்லாமல் நிற்கச் சொன்னதில்தான் அவருடைய கூர்மை இருக்கிறது. நடப்பதற்குத் தெய்விக சக்தி வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதன் காரணம் ஆராய்ந்து அறியப்பட்டதே. 1935இல் இங்கிலாந்தின் கார்ஷால்டன் என்னுமிடத்தில், ஹாரி பிரைஸ் என்பவர் ஏற்பாடு செய்த சோதனையில், குடா பக்ஸ் என்ற இளைஞர் மேற்பரப்பு சுமார் 430 பாகை வெப்பமுடைய தணலில் நடந்து காயமின்றி வெளிவந்தார். கொல்லனுலையில் காய்ந்த இரும்பும் அதன் பக்கத்துக் கரியும் ஒரே வெப்பத்தில் இருந்தாலும், தொட்ட மாத்திரத்தில் இரும்பு தன் வெப்பத்தைக் கைக்குக் கொட்டிவிடுகிறது. கரியோ மெதுவாகவே கொடுக்கிறது. ஆதலால் ஒவ்வோர் அடியும் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரமே தணலில் படும்போது, பாதம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. கொழும்பில் உடற்றொழிலியல் பேராசிரியராயிருந்த கார்லோ பொன்சேகா, இலங்கையின் தீமிதிப்பாளரையே ஆராய்ந்து 1971இல் கட்டுரை வெளியிட்டார். வெறுங்காலோடு நடந்து பழகித் தடித்த தோல் நெடுநேரம் வெப்பம் தாங்கும் என்பது அவர் கண்ட முக்கியமான உண்மைகளுள் ஒன்று.

இந்த உண்மை பக்தியைக் குலைக்க வந்ததென்று அஞ்சுவோர், தீக்குழியிலிருந்து கால் வெந்து வெளியேறும் ஒருவரைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு நேரும் நோவு கொப்புளத்தோடு முடிவதில்லை. "விரதத்தில் ஏதோ குறை, தீட்டுப் பட்டிருக்கும், மனசில் களங்கம் இருந்திருக்கும்" என்ற பழி, அடுத்த ஆடி வரை அவரைத் தொடர்கிறது, பெண்ணாயிருந்தால் அப்பழி எவ்வளவு கொடுமையானதென்று விவரிக்க வேண்டுவதில்லை. ஆனால் நிகழ்ந்தது என்ன? கொதிக்கும் மணலில் நாள்தோறும் வலை இழுத்துக் காய்ப்பேறிய பாதமும், பட்டணத்தில் சப்பாத்துக்குள் வளர்ந்த பாதமும் ஒரே தணலில் இறங்கின. ஒன்று தாங்கியது, மற்றது தாங்கவில்லை. இருவரின் சிரத்தையும் ஒன்றே. இதை எடுத்துச் சொல்லும் சாஸ்திரம் பக்தருக்குப் பகையாகுமா? நிரபராதியின் மேல் விழும் நிந்தையைத் துடைப்பதால், அது தர்மத்துக்கே உபகாரம் செய்கிறது.

அதேவேளை, தணலின் குணத்தை விளக்கிவிட்டதனால் தாயின் நேர்த்தியும் விளங்கிவிட்டதென்று அவ்விளைஞன் கருதுவானாகில், அவனும் தன் அளவுகோலை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைக்கிறான். அவள் எதையும் நிரூபிக்க இறங்கவில்லை. சொன்ன சொல்லைக் காக்க இறங்கினாள். சூட்டை அளக்கும் கருவியால் அச்சங்கற்பத்தை மெய்யென்றோ பொய்யென்றோ கூற இயலாது. "கால் சுடாததே தெய்வத்துக்குச் சாட்சி" என்று ஒருவர் கூறினால், அவர் பௌதிகத்தின் சபைக்குத் தாமாகவே வந்து நிற்கிறார். அங்கே கேட்கப்படும் கேள்விக்குக் கோபிக்காமல் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவ்வாறு கூறாதவரை, வழிபாட்டின் நடுவே வழிமறித்து வழக்காட யாருக்கும் உரிமையில்லை.

விவாதத்தை நெறிப்படுத்த நாம் பிறரிடம் பாடம் கேட்க வேண்டியதுமில்லை. காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்துக்கொண்டு பேசியது சைவ சித்தாந்தம். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார், காட்சி ஒன்றையே பிரமாணமாகக் கொண்ட உலகாயதனையே முதலில் நிறுத்தி, அவன் கொள்கையை அவன் வாயாலேயே சொல்வித்து, அதன் பின்னரே மறுக்கிறார். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவப் போதகர்களும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் இரண்டு நாள் வாதிட்டபோதும், ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரமென முறை வைத்தே பேசினர். பகை கடுமையாயிருந்தும் முறை பிறழவில்லை.

எனவே ஊர்ப் பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் இது. கேள்வி கேட்கும் பிள்ளையை நாஸ்திகனென்று துரத்தாதீர்கள். காப்புக் கட்டுவதற்கு முன் ஒரு மாலையை ஒதுக்கி, அவன் சொல்வதை முழுவதும் சொல்ல விடுங்கள். தணலைப் பற்றி அவன் சொல்வது மெய்யாயின் மெய்யென்று ஒப்புக்கொள்ளுங்கள். பதில் பெற்ற பின்னும் அதையே கேட்டுக் கூட்டத்தைக் கலைப்பவனிடம், "இதற்குரிய நாள் கழிந்துவிட்டது, தம்பி" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுக் காரியத்தைப் பார்க்கலாம். இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு: ஆராய்ச்சியைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் விரதமிருப்பவரின் முகத்துக்கு நேரே அதை வீசாதீர்கள். இவை இரண்டும் கைகூடும் வரையிலாவது, கால் வெந்தவரைப் பார்த்து இனி ஒருவரும் குறை சொல்லாதிருக்க வேண்டும். அவருக்கு முதலில் வேண்டுவது மருந்து.