காட்டுத்தீ எச்சரிக்கை யாருடைய போனுக்கு வருகிறது? ட்ரெக்கிங் போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் காட்டுத்தீ பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? இது ஏரி மாவட்டம்; பெரிய மலையே கிடையாது. ஆனா, 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்கள் உள்ளூர்க்காரர்களா என்ன? சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வார இறுதிக்கு ட்ரெக்கிங் போனவர்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்துக்கொண்டு, வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த ட்ரிப்புக்குப் பெயர் கொடுக்கிறவர்களும் அதே வயசுக்காரர்கள்தான்.

கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் காய்ந்த புல். சமதளத்தில் போகிற தீ வேறு, சரிவில் ஏறுகிற தீ வேறு. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மேலே ஏறி ஓடி அதை யாரும் ஜெயிக்க முடியாது.

சரி, அரசுக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாதா? தெரிவதற்கு வழி இருக்கு. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. வெப்பப்புள்ளி எந்த பீட்டில் தெரிகிறதோ, அங்குள்ள வனத்துறை ஊழியருக்கு எஸ்எம்எஸ் போகும். எந்தக் காடு அதிகம் எரியும் என்ற வரைபடமும் தயாரிக்கிறார்கள். 2019-ல் வெளியான வன நிலை அறிக்கைப்படி, நாட்டின் காட்டுப் பரப்பில் 21.40% தீ அபாயம் அதிகமுள்ள பகுதி.

சிக்கல் எங்கே என்றால், செயற்கைக்கோள் ஒரே இடத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்காது. குறிப்பிட்ட நேரத்தில் கடந்து போகும். நடுவில் பற்றிய தீ அடுத்த சுற்றில்தான் தெரியும். அதைவிட முக்கியம், அதற்குத் தீ தெரியுமே தவிர, அந்தச் சரிவில் எத்தனை பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. அது தெரிய வேண்டிய இடம் செக்போஸ்ட். குரங்கணியில் டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள், போனது கொழுக்குமலைக்கு என்றது வனத்துறை.

அதனால்தான் விபத்துக்குப் பிறகு அரசின் கவனம் வாசலுக்கு வந்தது. அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை, 2018-லேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' வந்தது: 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் புக்கிங், கூடவே உள்ளூர் வழிகாட்டி. தீக்காலம் என்று 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீ காலண்டர் பார்த்தா பிடிக்கும்? வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருஷத்தில் புல் சீக்கிரமே காய்ந்துவிடும். வானிலை, காட்டின் வகை இவற்றை வைத்து அபாய அளவை முன்கூட்டியே கணிக்கும் முறையும் அதே வன ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தக் கணிப்பின்படி புக்கிங் அன்றன்றைக்குத் தானாக நின்றால் இன்னும் பலன் இருக்கும்.

களவேலை பழைய வேலைதான்: கோடைக்கு முன் புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவது, தீக்காவலர்களை அமர்த்துவது. இதற்கென உள்ள மத்திய திட்டத்தில் செலவை மத்திய அரசும் தமிழகம் போன்ற மாநிலங்களும் 60:40 என்று பகிர்கின்றன. காடு தானாகப் பற்றுவது அபூர்வம். பெரும்பாலும் மனிதன் வைக்கிற தீதான். அணைக்காத பீடி, மேய்ச்சலுக்காகப் புல்லுக்கு வைப்பது, கேம்ப்ஃபயர்.

எச்சரிக்கை எஸ்எம்எஸ் வனத்துறைக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வன ஆய்வு நிறுவனத்தின் 'வன் அக்னி' தளத்தில் மாநிலம், மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். போகிற மலை எந்த மாவட்டமோ, அதைக் கொடுங்கள். உங்கள் சொந்த மாவட்டத்தை அல்ல. பணம் கட்டும் முன் ட்ரிப் நடத்துபவரிடம் அனுமதிச் சீட்டையும் கேளுங்கள். அதில் எழுதியிருக்கும் பாதையும் நீங்கள் நடக்கப்போகும் பாதையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.