சிங்ககட் சாலையில் இருபத்தோரு கிலோமீட்டர்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் புனே நகரத்து விடியற்காலைக் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். தமிழ்க் குடும்பங்களில் கம்பளிச் சட்டையும் மப்ளரும் பெட்டியை விட்டு வெளிவரும் காலம் அது. ஞாயிற்றுக்கிழமையாயின் எட்டு மணிக்கு முன் போர்வையை விட்டு எழாதவர்களே நம்மவரில் பெரும்பாலோர். அத்தகைய ஞாயிறொன்றில், வழக்கமாக டிசம்பரின் முதல் ஞாயிறன்று, பொழுது புலர வெகுநேரம் இருக்கும்போதே ஆயிரக்கணக்கானோர் அரைக்கால் சட்டையுடன் சாரஸ் பாகை அடுத்த சணஸ் மைதானத்தில் வந்து கூடுகின்றனர். 1983ஆம் ஆண்டில் தொடங்கிய புனே சர்வதேச மாரத்தான் ஓட்டத்துக்காகவே இந்தக் கூட்டம்.

முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடப்பட்ட இத்தூரமே 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தான். முழு ஓட்டம் நமக்கு எட்டாத கனி. அரை ஓட்டமோ, உத்தியோகமும் குடும்பமும் உள்ள ஒருவர் ஐந்தாறு மாதங்கள் ஒழுங்காகப் பழகினால் எட்டக்கூடியது. 2020ஆம் ஆண்டு டெல்லியில் அவினாஷ் சாப்ளே இத்தூரத்தை ஒரு மணி 30 விநாடியில் ஓடி முடித்தார். அவர் இதே மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, இராணுவ வீரர். நம் போன்றவர்க்கு அதைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆனாலும் தூரம் என்னவோ ஒன்றுதான்.

அண்மை ஆண்டுகளில் ஓட்டப் பாதை சணஸ் மைதானத்திலிருந்து தாண்டேகர் பாலம் வழியாகச் சிங்ககட் சாலையில் சென்று, நாந்தேட் சிட்டி வரை போய்த் திரும்புகிறது. பேருந்தில் நூறு முறை போன சாலைதான். காலால் அளக்கும்போது அது வேறாகத் தோன்றுகிறது. புறப்படும் இடத்துக்கு அருகிலேயே பார்வதி குன்று. நானாசாகேப் பேஷ்வா எழுப்பிய ஆலயம் அதன் உச்சியில் நிற்கிறது. பானிபட் தோல்விச் செய்தியால் மனமுடைந்த அவர் 1761இல் அந்தக் குன்றின் மீதே உயிர் நீத்தார். சாரஸ் பாக் பிள்ளையாரைக் ‘குளத்துப் பிள்ளையார்’ என்றே ஊரார் அழைக்கின்றனர். இன்று பூங்காவாக உள்ள இடம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது.

சாலையின் பெரும்பகுதி மூட்டா நதியை ஒட்டிச் செல்கிறது. 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி, கட்டி முடியாத பான்ஷேட் அணை உடைந்து, அந்த வெள்ளத்தின் வேகத்தில் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்து, நீர் முழுவதும் இந்த ஆற்றின் வழியேதான் பழைய நகருக்குள் புகுந்தது. அந்நாளில் இங்கிருந்த தமிழ்ப் பெரியவர்கள் சிலர் அதைச் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். மாடி வீட்டுக்காரர் தெரியாதவரையும் உள்ளே அழைத்துச் சோறு போட்ட கதை அது. சாலையின் கோடியில் இருப்பதோ 1670இல் தானாஜி மாலுசரே உயிர் கொடுத்து மீட்ட கோட்டை. சிவாஜியின் தந்தை ஷாஹாஜிக்குப் புனே ஜாகீர். அவருடைய இன்னொரு மகன் ஏகோஜிக்கு வாய்த்தது தஞ்சை அரசு. இந்த ஊர் நமக்கு அப்படியொன்றும் அன்னியமல்ல.

2023ஆம் ஆண்டு ஓட்டத்தில் நம் சங்கத்தைச் சேர்ந்த மூவர் கலந்துகொண்டோம். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் ஒருவர். தொழிற்சாலையில் பணி செய்யும் கோவை இளைஞர் ஒருவர். மூன்றாமவர் அஞ்சலகத்தில் பணியாற்றும் அண்ணாச்சி, திருநெல்வேலிச் சீமைக்காரர், வயது ஐம்பத்து நான்கு. அவருடைய தகப்பனாரும் தமையனாரும் ஐம்பத்தேழு வயதைக் காணாமலே மாரடைப்பால் காலமானவர்கள். அண்ணாச்சி ஓடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததன் காரணமும், மதினி கூடாது என்று தடுத்ததன் காரணமும் இதுவே! கடைசியில் வைத்தியர் இருதயத்தைச் சோதித்து, மெல்ல ஓடலாம் என்று அனுமதித்தார். மதினி நம் இருவரையும் அழைத்து, “தம்பி, முன்னே பின்னே போனாலும் அவரைத் தனியா விட்டுட்டு வந்திராதிய” என்று கேட்டுக்கொண்டார். நாமும் வாக்குக் கொடுத்தோம்.

ஜூன் மாதத்தில் பயிற்சி தொடங்கியது. முதலில் நடை, பிறகு இரண்டு நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையும். வாரத்தில் மூன்று நாள் சிறு தூரம், ஞாயிறன்று நெடுந்தூரம். ஒரு வாரத்தின் தூரத்தை அடுத்த வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டலாகாது என்பது பழகியவர்களின் விதி. நெஞ்சும் நுரையீரலும் விரைவில் பழகிவிடும். முழங்காலும் கணுக்காலும் பழக நாளாகும். நம்மவர் காலைத் தோசைக்குப் பின் ஓடலாம் என எண்ணவேண்டாம். புறப்படுவதற்கு ஒன்றரை மணி முன் இரண்டு வாழைப்பழம், அரை தம்ளர் காப்பி. அவ்வளவே வயிறு பொறுக்கும். புதுச் சப்பாத்தைப் பந்தயத்தன்று முதன்முறையாக அணிவது வீண் துன்பம். உரசும் இடங்களில் வாசலீன் தடவவேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் மராட்டிய அண்டை வீட்டுக்காரர்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. நிற்கும்போது பல் கிட்டும் குளிர், மூன்றாவது கிலோமீட்டரில் நண்பனாகிவிடுகிறது. உடல் உழைத்து எழுப்பும் சூட்டை அது வாங்கிக்கொள்வதால் வெயிலில் ஓடுவதைவிட எளிதாக ஓடலாம். ஆனால் தாகம் தோன்றாது. வியர்வையோ போய்க்கொண்டே இருக்கும். நிலையந்தோறும் இரண்டு மிடறு நீர் அருந்துவது நலம். குடம் குடமாகக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்து உப்பு குறைந்து தலை சுற்றும்.

அன்று பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை குறையொன்றுமில்லை. எதிர்ப்புறம் எத்தியோப்பிய, கென்ய வீரர்கள் காற்றுப் போலக் கடந்தபோது நின்று கைதட்டினோம். இருட்டில் வாசலில் நின்ற பாட்டிமார்கள் “சலா, சலா” என்று ஊக்கினர். பதினாறாவது கிலோமீட்டரில் அண்ணாச்சியின் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நெஞ்சில் வலியுண்டா என்று வினவினோம். இல்லை, காலில்தான் என்றார். முதலுதவித் தொண்டர்கள் நாடி பார்த்து, காலை நீட்டிப் பிடித்துவிட்டு, உப்பிட்ட எலுமிச்சை நீர் கொடுத்தனர். வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

கோவை இளைஞருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டுமென்பது ஆறு மாதக் கனவு. எங்களோடு நடந்ததாலேயே அது ஏற்கெனவே கைநழுவிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அவரைப் பார்த்து, “நீ போப்பா, இது என் உத்தரவு” என்றார். இளைஞர் நம் முகத்தைப் பார்த்தார். மதினிக்குக் கொடுத்த வாக்குக்கு ஒருவர் போதும் என்று சொல்லி அனுப்பினோம். வண்டியைப் பற்றி அண்ணாச்சி நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எங்க அண்ணன் நடக்கவே பயந்தாரு தம்பி. படி ஏற மாட்டாரு. பயந்து பயந்தே இருந்தாரு” என்று கூறிவிட்டு எழுந்தார். மீதி ஐந்து கிலோமீட்டரையும் நடந்தோம். விட்டல்வாடிக்கருகே பொழுது விடிந்தது. பால் வண்டிக்காரர் ஒருவர் எங்களோடு சிறிது தூரம் தள்ளிக்கொண்டே வந்து பேச்சுக் கொடுத்தார்.

மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்தில் எல்லையைக் கடந்தோம். மதினி கம்பளியுடனும் பிளாஸ்குடனும் அங்கே நின்றிருந்தார். அழவுமில்லை, பாராட்டவுமில்லை. “காப்பி ஆறிப்போச்சு” என்றார். இளைஞர் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, பதக்கத்தைக் கழற்றாமலே எங்களைத் தேடி எதிரே வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் படி இறங்குவது பெரும்பாடு. இரண்டு நாளில் அதுவும் தீர்ந்தது. அண்ணாச்சிக்கு வைத்தியர் மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி அவரும் கேட்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய அன்பர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியர் சொல்லாமல் ஓடத் தொடங்கவேண்டாம். அரை மாரத்தான் அதிகம் என்று தோன்றுவோர்க்குப் பத்துக் கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்களும் அதே நாளில் உண்டு. சக்கர நாற்காலியில் வருவோருக்கும் தனிப் பந்தயம் உண்டு. நம் சங்கத்தார் ஜூன் முதல் ஞாயிறு தொடங்கி, காலை ஐந்தரை மணிக்கு ரயில்வே குடியிருப்பு வாயிலில் கூடுகிறோம். மகளிர்க்குத் தனி நேரம் வேண்டுமெனில் முன்கூட்டித் தெரிவித்தால் ஏற்பாடு செய்யப்படும்.